பழைய நாட்காட்டியும் பனிக்காலத் தோரணமும்



பனிக்காலம் என்று சொன்னதும் நம் குழந்தைகளின் மனக்கண்முன் எந்தப் படம் தோன்றுகிறது? வெண்பனி மூடிய ஓட்டுக்கூரை, ஊசியிலை மரம், கம்பளிக் குல்லாய் அணிந்த சிறுவன் ஆகியவைதாம். வாழ்த்து அட்டைகளிலும் ஆங்கிலப் பாடநூல்களிலும் அவர்கள் இவற்றையே கண்டிருக்கிறார்கள். நான் நெடுங்காலம் ஆசிரியப் பணி புரிந்த வீரசோழனில் இவற்றுள் ஒன்றேனும் இல்லை. விருதுநகர் மாவட்டத்தில், திருச்சுழி வட்டாரத்தில், வானம் பார்த்த பூமியின் நடுவே அமைந்த ஊர் அது. வாரச்சந்தையால் பெயர் பெற்றது. அங்குக் கூடும் ஆட்டுச் சந்தையைச் சுற்றுவட்டாரத்தில் அறியாதார் இலர். அவ்வூரைப் பற்றி வெளியூரார் அறிந்திருப்பதெல்லாம் ஆடிக் காற்றும் சித்திரை வெயிலுமே. ஆயினும் எங்களுக்கும் ஒரு பனிக்காலம் உண்டு.

ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாக வகுத்த நம் முன்னோர் மார்கழியையும் தையையும் முன்பனிக் காலம் என்றனர். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்த மழை ஓய்ந்திருக்கும். கண்மாயில் நீர் நிற்கும். புஞ்சையில் சோளமும் கம்பும், மிளகாயும் மல்லியும் நிற்கும். விடியற்காலையில் பள்ளிக்கூடத்துக் கொடிமரத்தின் கயிறு பனியில் நனைந்து கைக்குக் குளிர்ச்சியாக இருக்கும். மேலை நாட்டார் வெளியே பசுமை மாய்ந்துவிட்ட காலத்தில் வீட்டை அலங்கரிக்கின்றனர். நாமோ வெளியே பயிர் நிற்கும் காலத்தில் வாசலை அலங்கரிக்கிறோம். மழை பொய்த்த ஆண்டுகளும் உண்டு. அத்தகைய ஆண்டுகளில் கண்மாய் வெடித்துக் கிடக்கும். பொங்கலுக்குப் புத்தாடை இராது. அவ்வாண்டுகளில்தாம் என் மாணவர்கள் தோரணம் கட்டுவதில் மிகுந்த முனைப்புக் காட்டினார்கள் என்பதை நான் பலமுறை கண்டேன். காசு செலவில்லாத மகிழ்ச்சி அது ஒன்றே அவர்களுக்கு எஞ்சியிருந்தது.

வீட்டில் கழித்துப் போட்ட பொருள்களைக் கொண்டு குழந்தைகளுடன் சேர்ந்து பனிக்கால அலங்காரங்கள் செய்வதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். இதனைப் புதிய கலை என்று எவரும் எண்ண வேண்டா. மார்கழிக் கோலத்தின் நடுவே சாண உருண்டையில் செருகப்படும் பூசணிப்பூவை எண்ணிப் பாருங்கள். பூசணியில் ஆண்பூவும் பெண்பூவும் தனித்தனியே மலர்பவை. பெண்பூவின் அடியில் சிறுகாய் போன்ற சூற்பை இருக்கும். ஆண்பூ நீண்ட மெல்லிய காம்பில் நிற்கும். விவரம் அறிந்த பாட்டிமார் காய்க்காத ஆண்பூவையே பறிப்பர். அவற்றிலும் சிலவற்றை வண்டுக்கும் தேனீக்கும் விட்டுவைப்பர். தாவரவியல் வகுப்பில் நாம் ஒரு மணி நேரம் கற்பிப்பது அவர்கள் விரல்நுனியில் இருந்தது. மார்கழிக் கடைசி நாளன்று கூரையில் செருகும் காப்பும் இத்தகையதே. சிறுபூளை, ஆவாரை, வேப்பிலை மூன்றும் தரிசிலும் வேலியோரத்திலும் கிடைப்பவை. சிறுபூளையை எங்கள் பக்கத்தில் கண்ணுப்பிள்ளை என்பார்கள்.

கார்த்திகைத் தீபத்தன்று சிறுவர்கள் சுற்றும் மாவலியையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். ஆண்பனையின் காய்ந்த பூம்பாளையைக் குழியிலிட்டு மூட்டம் போட்டுக் கரியாக்கி, இடித்துப் பொடியாக்கி, பழைய வேட்டித் துணியில் சுருட்டிக் கட்டி, பிளந்த பனைமட்டைகளின் இடையே வைத்து இறுக்கிக் கயிற்றில் கோத்துச் சுற்றுவார்கள். நுனியில் நெருப்புக் கங்கு பட்டதும், சுற்றச் சுற்றப் பொறிகள் வட்டமாகச் சிதறும். பனை உதிர்த்தது பாளை, வீடு கழித்தது வேட்டி. இரண்டும் சேர்ந்து ஒரு வாணவேடிக்கை. ஆனால் இதனைப் பள்ளியில் நான் செய்வித்ததில்லை. பெரியவர்கள் துணை நிற்க, ஊர்ப்பொட்டலில் செய்ய வேண்டிய வேலை அது.

வடபுலத்து நாடுகளிலும் தொடக்கம் இவ்வாறே இருந்தது. பின்லாந்து நாட்டு உழவர்கள் அறுவடைக்குப் பின் எஞ்சிய வைக்கோல் தண்டுகளை நூலில் கோத்து, எண்முகக் கூடுகளாகக் கட்டி, கிறிஸ்துமஸ் காலத்தில் உணவு மேசைக்கு மேலே தொங்கவிட்டனர். இதனை ஹிம்மெலி என்பர். போலந்திலும் வைக்கோலும் தாள்துண்டுகளும் கோத்த தொங்கல்கள் உண்டு. ஜெர்மனியில் வைக்கோல் விண்மீன்கள் உண்டு. இன்று கடைகளில் மின்னும் பளபளப்புப் பொருள்கள் பின்னர் வந்தவை. களத்தில் மிஞ்சிய வைக்கோலே முன்னர் வந்தது.

ஆசிரியப் பயிற்சி பெற்றோர் அனைவரும் பிரெடரிக் பிரோபெல் என்னும் ஜெர்மானியக் கல்வியாளரின் பெயரைக் கேட்டிருப்பர். 1837-ஆம் ஆண்டில் சிறுவர்களுக்கென ஒரு பள்ளியைத் தொடங்கி, 1840-இல் அதற்குக் ‘குழந்தைகளின் தோட்டம்’ என்று பொருள்படும் கிண்டர்கார்ட்டன் என்ற பெயரை இட்டவர் அவர். தாள் மடித்தல், தாள் பின்னுதல் முதலியவற்றைப் பாடமாகவே வைத்தார். அவர் வழியில் வந்த அந்தத் தாள்மடிப்புப் பெட்டி ஒன்று நம் நாட்டிலும் ஒருவரின் சிந்தனையைத் தூண்டிற்று. டி. சுந்தரராவ் என்பவர் 1893-ஆம் ஆண்டில் சென்னையில் ஒரு நூல் வெளியிட்டார். கவராயமோ அளவுகோலோ இன்றி, தாளை மடித்தே ஐங்கோணம், அறுகோணம் முதலிய வடிவங்களைப் பெறும் முறைகளை விளக்கும் வடிவியல் நூல் அது. ஜெர்மானியக் கணித அறிஞர் பெலிக்ஸ் கிளைன் அதனைப் பாராட்டிக் குறிப்பிட்டார். 1901-இல் அமெரிக்காவில் மறுபதிப்பு வந்தது. சென்னையில் ஒருவர் தாளை மடித்து எழுதிய கணக்கை உலகம் படித்தது. நம் கல்லூரி மாணவர்களுள் எத்தனை பேர் அந்நூலைக் கண்டிருக்கிறீர்கள்?

அந்நூலை அறிந்த பிறகு, தாள் வெட்டித் தோரணம் செய்வது வெறும் பொழுதுபோக்கு என்று கூற எனக்கு மனம் வரவில்லை. ஒரு தாளை இரண்டாக மடியுங்கள். மடிப்புக் கோட்டின் நடுப்புள்ளியில் இருப்பது 180 பாகை. அதனை ஐந்து சம பங்காக மடித்தால் பங்கு ஒன்றுக்கு 36 பாகை. இப்போது ஓர் ஓரத்துக்குச் செங்குத்தாக வெட்டி விரித்தால் ஐங்கோணம் கிடைக்கும். சாய்வாக வெட்டி விரித்தால் ஐந்து முனை விண்மீன் கிடைக்கும். ஒரே வெட்டுத்தான். மடிப்புச் சமமாக இல்லாவிட்டால் விண்மீனின் ஒரு கால் நொண்டும். ஆசிரியர் தவறு என்று சொல்ல வேண்டியதில்லை. இன்னொன்று: நீண்ட தாள்பட்டையையோ பனையோலைக் கீற்றையோ சாதாரணமாக ஒரு முடிச்சிட்டு, மெல்ல இழுத்துத் தட்டையாக அமுக்குங்கள், ஒழுங்கான ஐங்கோணம் ஒன்று உருவாகும். எஞ்சிய நுனியை மேலே மடித்து வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே ஒரு விண்மீன் தெரியும். ஏழாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் இதைக் கண்டு, “சார், முடிச்சுக்குள்ள யாரு வரைஞ்சு வச்சாங்க?” என்று கேட்டான். அதற்குப் பிறகு அவனுக்குக் கோணங்களைக் கற்பிப்பதில் எனக்குச் சிரமமே இருக்கவில்லை.

தாளுக்கு எங்கே போவது? எங்கள் மாவட்டத்தாருக்கு இக்கேள்வி எழ நியாயமில்லை. சிவகாசியில் அச்சாகும் நாட்காட்டிகள் தமிழ்நாட்டின் சுவர்களிலெல்லாம் தொங்குகின்றன. மளிகைக் கடை, நகைக் கடை, பால்பண்ணை என்று எல்லாரும் ஒன்று கொடுப்பர். மார்கழி பாதியில் ஆங்கிலப் புத்தாண்டு பிறக்கிறது. அன்றோடு பழையது பயனற்றதாகிறது. கெட்டி அட்டை, வழவழப்பான மாதத் தாள், தகரப் பட்டை, தொங்கவிடும் நூல் எல்லாம் ஒருங்கே, ஒரே நாளில், ஊர் முழுவதும் இலவசமாகக் கிடைக்கின்றன. வேறு எந்த நாட்டில் பனிக்காலம் இவ்வளவு தாராளமாகக் கைவேலைக்குப் பொருள் தருகிறது? தினசரி கிழிக்கும் நாட்காட்டியின் தாள்களையும் விட்டுவைக்கலாகாது. ஆண்டு முழுவதும் கிழித்ததைச் சேர்த்து வைக்கும்படி ஒரு வகுப்பிடம் சொன்னேன். பாதிக்கு மேல் வந்து சேரவில்லை. திருநீறு மடிக்கவும் சந்தைக் கணக்கு எழுதவும் வீட்டார் எடுத்துக்கொண்டுவிட்டனர். அதுவும் நல்ல பயனே. சேர்ந்தவற்றைச் சங்கிலியாக ஒட்டினோம். முழு ஆண்டும் இருந்திருந்தால் எவ்வளவு நீளம் வரும் என்று கரும்பலகையில் கணக்கிட்டோம்: வளையம் ஒன்றுக்கு 5 செ.மீ. என்றால் 365 வளையங்களுக்கு 18 மீட்டருக்கு மேல். பள்ளியின் தாழ்வாரத்தை அளந்து, ஓர் ஆண்டு அதற்குள் அடங்குமா என்று பார்த்தார்கள்.

இங்கே ஒரு சிக்கலைச் சொல்ல வேண்டும். நாட்காட்டியில் தெய்வப் படங்கள் உண்டு. வீரசோழனில் இசுலாமியர் மிகுதியாக வாழ்கின்றனர். அவர்கள் வீட்டு நாட்காட்டியில் மக்கா மதீனாப் படங்கள் இருக்கும். வேறு வீடுகளில் முருகனும் மீனாட்சியும் இருப்பர். சில வீடுகளில் இயேசுநாதர். கத்தரிக்கோலைக் கையில் எடுத்த குழந்தை திடீரென்று நின்றுவிடும். திருமண அழைப்பிதழ்களிலும் இதே இடர்ப்பாடு. ஒன்றில் பிள்ளையார் சுழி, மற்றொன்றில் 786. “சாமி படத்த வெட்டலாமா?” என்ற கேள்விக்கு ஆசிரியன் விளையாட்டாக விடை கூற முடியாது. ஒரு வீட்டின் நம்பிக்கை கத்தரிக்கோலின் நுனியில் நிற்கிறது. எனவே முதல் நாளே வகுப்பில் பேசி, பிள்ளைகளே ஒரு விதி வகுத்துக்கொண்டனர்: எந்தப் படமானாலும் அது யாருடைய வீட்டிலிருந்து வந்ததோ அவரே அதனைப் பிரித்தெடுத்து வீட்டுக்குத் திரும்பக் கொண்டுபோக வேண்டும், எண்கள் உள்ள தாளும் பின்புறத்து வெற்று அட்டையுமே பள்ளிக்கு உரியவை. பிறர் வீட்டுப் படத்தைத் தொடக்கூடாது என்பதில் பிள்ளைகள் பெரியவர்களைவிடக் கண்டிப்பாக இருந்தனர். ஒரு முறை பாத்திமா பீவி போன்ற ஒரு பாட்டி பள்ளிக்கே வந்து பார்த்துவிட்டு, “நல்லாத்தான் பண்ணியிருக்கீக” என்று சொல்லி, வீட்டிலிருந்து ஒரு கட்டுப் பழைய அழைப்பிதழ்களைப் பேரனிடம் கொடுத்தனுப்பினார். படங்களெல்லாம் முன்னரே பிரித்தெடுக்கப்பட்டிருந்தன.

இனி, வயலிலிருந்து கிடைப்பவை. தஞ்சைப் பக்கத்தில் நீர்நிலைகளில் வளரும் நெட்டியின் வெண்மையான தக்கையைச் சீவி மாலையும் சிற்பமும் செய்வார்கள். மாட்டுப் பொங்கலுக்கு நெட்டி மாலை கட்டுவது அப்பகுதியின் வழக்கம். தஞ்சாவூர் நெட்டி வேலைக்கு 2020-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. கரிசல் காட்டில் நெட்டிக்கு எங்கே போவது? எங்களுக்கு வாய்த்தது சோளத்தட்டை. கதிர் அறுத்தபின் நிற்கும் தட்டையின் தோலை உரித்தால் உள்ளே மென்மையான சோறு இருக்கும். என் தலைமுறையினர் அதில் வண்டி செய்தோம், மூக்குக் கண்ணாடி செய்தோம். அதனையே வட்ட வில்லைகளாக நறுக்கிச் சாயம் ஏற்றிக் கோத்தால் மாட்டுக்கும் மாலை, வகுப்பறைக்கும் மாலை. தட்டையின் தோல் விரலைக் கீறும்; ஆதலால் உரிக்கும் வேலையைப் பெரிய பிள்ளைகளிடம் விடுதல் வேண்டும். கோக்கும் நூலுக்கு அருப்புக்கோட்டை இருக்கிறது. நெசவு நடக்கும் ஊரில் கழிவு நூலுக்குப் பஞ்சமில்லை. தறியிலிருந்து அறுத்து எறிந்த நூற்சிக்கலைப் பிரித்துச் சுற்றுவதே குழந்தைகளுக்குப் பொறுமையைக் கற்பிக்கும் என்று சொல்வார்கள். என் அனுபவத்தில் அது ஆசிரியருக்குத்தான் பொறுமையைக் கற்பித்தது.

சாயத்துக்கு மஞ்சள் போதும். மஞ்சள் கரைத்த நீரில் சிறிது சுண்ணாம்பு சேர்த்தால் சிவக்கும். ஆரத்தி எடுக்கும் வீட்டில் பிறந்த எவரும் இதை அறிவர். அந்தச் சிவப்பில் எலுமிச்சைச் சாறு விட்டால் மீண்டும் மஞ்சளாகும். காரமும் அமிலமும் எவ்வாறு நிறத்தை மாற்றுகின்றன என்பதற்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை. மூன்று கொட்டாங்கச்சிகள் போதும். ஆனால் வெயில் பட்டால் மஞ்சள் விரைவில் வெளுத்துவிடும். தாழ்வாரத்தின் நிழலில் கட்டுவதே நன்று. நீலத்துக்குத் துணிக்குப் போடும் நீலம் உண்டு. பசைக்குப் புளியங்கொட்டையை வறுத்துத் தோல் நீக்கி இடித்துக் கொதிக்க வைத்தால் கெட்டியான பசை கிடைக்கும். மைதாக் கஞ்சியும் ஆகும். புத்தகம் தைப்போர் பூச்சி அரிக்காமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் சேர்ப்பதுண்டு. அது நஞ்சு. விரலை வாயில் வைக்கும் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் அதனைச் சேர்க்கவே கூடாது. பூச்சி அரித்தால் அரிக்கட்டும். நம் தோரணம் தை முடியும் வரை இருந்தால் போதும்.

சந்தை கலைந்த மறுநாள் காலையில் பிள்ளைகளை அழைத்துச் சென்றால் சணல் துண்டு, சாக்குத் துண்டு, வைக்கோல், காய்கறிக் கூடையின் உடைந்த மூங்கில் சிம்பு எல்லாம் கிடைக்கும். சிம்பினால் விண்மீன் கூடு கட்டினோம். காய்ந்த பனையோலையில் காற்றாடி செய்தோம். அதற்கு அச்சாணி கருவேல முள். முள்ளும் ஓலையும் வெயிலும் காற்றும் தவிர வேறெதுவும் கிடைக்காத ஊர் என்று எங்கள் ஊரைக் கேலி செய்வோர் உண்டு. அந்த நான்கும் சேர்ந்தால் காற்றாடி சுற்றும் என்பதை அவர்கள் அறியார்.

தீப்பெட்டியைப் பற்றிச் சொல்லாமல் எங்கள் மாவட்டத்தின் கைவேலையைப் பேசி முடிக்க இயலாது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா சென்று தொழில் கற்று, மறு ஆண்டில் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கிய வரலாறு யாவரும் அறிந்ததே. மழை பொய்க்கும் பூமியில் அத்தொழில் பல்லாயிரம் குடும்பங்களுக்குக் கஞ்சி ஊற்றியது. அதே தொழில் நீண்ட காலம் குழந்தைகளின் விரல்களையும் வாங்கிக்கொண்டது. கட்டை அடுக்குவதற்கும் பெட்டி ஒட்டுவதற்கும் சிறு விரல்கள் விரைவானவை என்று கூறினர். குரோஸ் கணக்கில் கூலி. ஒரு குரோஸ் என்பது 144.

1990-களின் தொடக்கத்தில், நான் உதவியாசிரியனாக இருந்தபோது, காலித் தீப்பெட்டிகளைக் கொண்டு நான்காம் வகுப்புப் பிள்ளைகள் பொங்கலுக்கு ஒரு சிற்றூர் அமைத்தனர். தேநீர்க் கடைகளிலிருந்து பெட்டிகள் வந்தன. பக்கவாட்டில் உரசும் பட்டையில் சிவப்புப் பாஸ்பரஸ் இருப்பதால் அதன்மீது தாள் ஒட்டினோம். வகுப்பில் சாத்தூர்ப் பக்கத்திலிருந்து பாட்டி வீட்டுக்கு வந்து சேர்ந்த ஒரு சிறுமி இருந்தாள். பத்து வயது இருக்கும். அவளிடம் அட்டையையும் பசையையும் கொடுத்ததும் அவள் என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்ட கேள்வி இது: “எத்தன ஒட்டணும், சார்?”

மற்றப் பிள்ளைகள் மூன்று பெட்டி ஒட்டுவதற்குள் அவள் நாற்பது ஒட்டி அடுக்கிவிட்டாள். ஒன்றுக்கொன்று இம்மியும் வேறுபாடில்லை. பசை ஒரு சொட்டும் சிந்தவில்லை. “போதும் தாயி, இனி உன் மனசுக்குப் பிடிச்சதைச் செய்” என்றேன். அவள் கைகள் நின்றுவிட்டன. அன்று முழுவதும் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தாள், மறுநாளும் அவ்வாறே. கை முழுவதும் திறமை இருந்த அக்குழந்தையிடம் அதுவரை எவரும் ‘உனக்கு எது வேண்டும்?’ என்று கேட்டதில்லை. மூன்றாம் நாள் ஒரு தீப்பெட்டியை எடுத்துப் பிரித்து, உட்புறம் வெளியே வருமாறு திருப்பி மடித்து ஒட்டத் தொடங்கினாள். ஒரே பெட்டிக்கு இரண்டு நாள் ஆயிற்று. கதவு வைத்தாள், சன்னல் வெட்டினாள். வெளியே வெள்ளையாகவும் உள்ளே தீப்பெட்டிப் படத்தோடும் ஒரு வீடு. ஏன் படத்தை உள்ளே வைத்தாய் என்று கேட்டேன். “வீட்டுக்கு உள்ளதான சார் படம் மாட்டுவாக” என்றாள். அந்தச் சிற்றூரில் சன்னல் வழியே எட்டிப் பார்க்கத் தக்கதாக இருந்தது அவ்வீடு ஒன்றே. பொங்கல் விழாவுக்கு வந்தவர்கள் எல்லாம் குனிந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்துச் சென்றனர்.

அடுத்த ஆண்டு வருகைப் பதிவேட்டில் அவள் பெயர் இல்லை. மாற்றுச் சான்றிதழ் கேட்டும் எவரும் வரவில்லை. பாட்டியிடம் விசாரித்தேன், “அவ அப்பன் வந்து கூட்டிட்டுப் போயிட்டான்” என்ற விடையே கிடைத்தது.

அக்காலத்தில் சட்டம் இல்லாமலில்லை. 1986-ஆம் ஆண்டுச் சட்டம் தீப்பெட்டி, வெடி முதலிய தொழில்களில் குழந்தைகளை வேலைக்கு வைப்பதைத் தடை செய்தது. ஆனால் குடும்பத்தாரே நடத்தும் வேலைக்கு விலக்கு அளித்தது. வீட்டுத் திண்ணையில் ஒட்டப்படும் பெட்டி அந்த விலக்கின் நிழலில் ஒதுங்கிக்கொண்டது. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், குழந்தையை வேலைக்கு வைத்தவர் குழந்தை ஒன்றுக்கு 20,000 ரூபாய் நலநிதிக்குச் செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. சிவகாசிக் குழந்தைகளைப் பற்றிய வழக்கு அது. 2016-இல் சட்டம் திருத்தப்பட்டு, 14 வயதுக்கு உட்பட்டோரை எத்தொழிலிலும் வேலைக்கு வைத்தல் தடை செய்யப்பட்டது. பள்ளி நேரம் போகக் குடும்பத்துக்கு உதவுவதற்கு, அபாயமற்ற வேலையாயின், விலக்கு உண்டு.

1937-ஆம் ஆண்டில் வார்தாவில் கூடிய மாநாட்டில் காந்தியடிகள், கைத்தொழிலை நடுவாகக் கொண்ட கல்வியை முன்வைத்தார். மாணவர் செய்யும் பொருள் பள்ளிச் செலவை ஈடுகட்ட வேண்டும் என்பதும் அவர் கருத்து. அத்திட்டத்தை வகுத்த ஜாகிர் உசேன் குழுவே, வருவாய்க் கணக்கு கல்வியின் நோக்கத்தை விழுங்கிவிடும் அபாயம் உண்டு என்று அப்போதே எச்சரித்தது. நான் குழுவின் பக்கம் நிற்பவன். கண்காட்சி என்றும் விற்பனை என்றும் பள்ளிகளில் இன்று நடைபெறுவதைக் காணும்போதெல்லாம், ‘எத்தன ஒட்டணும்?’ என்ற குரல் எனக்குக் கேட்கிறது. தோரணத்துக்கு விலை வைக்காதீர்கள், மதிப்பெண்ணும் வைக்காதீர்கள்.

இப்போது கடைகளில் பிளாஸ்டிக் தோரணங்கள் மலிவாகக் கிடைக்கின்றன. ஒரு முறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றைத் தமிழ்நாடு அரசு 2019 ஜனவரி முதல் நாளிலிருந்து தடை செய்துள்ளது. ஆயினும் வீடுகளில் பழையவை நிறைய இருக்கின்றன. அவற்றைப் போகியன்று கொளுத்துவோரும் இருக்கின்றனர். 2018-ஆம் ஆண்டுப் போகியன்று சென்னையில் புகை சூழ்ந்து விமானங்கள் தாமதமாயின. எங்கள் பக்கத்தில் போகியன்று பழையன எரிப்பதைவிடக் காப்புக் கட்டுவதே முதன்மையான வழக்கம். அவ்வகையில் நாங்கள் தப்பினோம். பளபளக்கும் பிஸ்கட் உறை, தெர்மாக்கோல், பழைய மின்கலம், துருப்பிடித்த தகரம் ஆகியவற்றைக் குழந்தைகளின் கைவேலையில் நான் சேர்ப்பதில்லை. கழித்த பொருள் என்பதற்காக எல்லாவற்றையும் பள்ளிக்குள் கொண்டுவந்து விடலாகாது.

நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஊர்களுக்குச் செல்லும் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சிற்றூர்ப் பள்ளிக்குப் போகும்போது ஜிகினாத் தாளும் ஒட்டும் நாடாவும் வாங்கிக்கொண்டு போகாதீர்கள். அவற்றைக் கண்டதும் அவ்வூர்ப் பிள்ளைகள் தங்கள் வீட்டுச் சோளத்தட்டையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொள்வார்கள். வெறுங்கையோடு போய், “உங்கள் வீட்டில் என்ன இருக்கிறது?” என்று கேளுங்கள். கூச்சம் தெளிய அரைமணி நேரம் ஆகும். அதன்பின் வந்து குவியும் பொருள்களை வைக்க உங்களுக்கு இடம் போதாது.

அலங்காரத்தைக் கழற்றும் வேலையும் பிள்ளைகளுடையதே. குடியரசு நாள் வரை வைத்திருப்போம். அன்று மாலை, காகிதக் கொடிகளைத் தரையில் வீசாமல் தனியே எடுத்து வைப்போம். கொடிக்கான நெறிமுறையில் அது சொல்லப்பட்டிருக்கிறது. சணலும் நூலும் பிரித்துச் சுற்றப்பட்டு அடுத்த ஆண்டுக்கு மேசை அறைக்குள் போகும். மூங்கில் சிம்புக்கூடு பரணுக்குப் போகும். மைதாப் பசை ஒட்டிய நாட்காட்டிச் சங்கிலியை எருக்குழியில் இடுவதற்காகப் பள்ளிச் சுவரோரம் குவித்து வைப்போம். ஆனால் ஓர் ஆண்டேனும் அது எருக்குழியை அடைந்ததாக எனக்கு நினைவில்லை. வீரசோழனில் ஆடுகள் மிகுதி என்று முன்னரே சொன்னேன் அல்லவா? பசையின் மணத்தை அவை நெடுந்தொலைவிலேயே அறிந்துகொள்ளும். மணி அடிப்பதற்கு முன்பே ஜனவரியில் தொடங்கி ஆடி, ஆவணி வரை தின்று தீர்த்துவிட்டு, டிசம்பரை மென்றபடி சுவரோரம் நின்றுகொண்டிருக்கும்.